கைரேகைக்கும் கார்டுக்கும் பணம் கொடுக்கும் முகவர் கடை: தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கிராமத்திலும் சிறு நகரத்திலும் மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை, மொபைல் ரீசார்ஜ் கடை நடத்துபவர்களில் பலர் இப்போது ஒரு கைரேகைக் கருவியும் ஒரு கார்டு கருவியும் வாங்கி வைத்து, வங்கிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது கமிஷன் எவ்வளவு என்று. அதைவிட முந்திக் கேட்க வேண்டியது, தினமும் கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க முடியும் என்பது. இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

இதில் என்னதான் நடக்கிறது? கடைக்காரர் எப்படி வங்கிப் பணத்தைக் கொடுக்கிறார்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஆதார் வழி. வாடிக்கையாளர் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி, கருவியில் விரலை வைக்கிறார். ரேகை ஒத்துப்போனால் அவர் கணக்கிலிருந்து பணம் கழிந்து உங்கள் வாலட்டில், அதாவது செயலியில் உங்கள் பெயரில் இருக்கும் மின்னணுக் கணக்கில், சேர்கிறது. அந்தத் தொகையை உங்கள் கல்லாவிலிருந்து நீங்கள் எண்ணிக் கொடுக்கிறீர்கள். இதற்கு ஏஇபிஎஸ் என்று பெயர். ஒரு முறைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்குள்ளும் ஒவ்வொரு வங்கியும் தன் வாடிக்கையாளருக்குத் தனி வரம்பு வைத்திருக்கலாம்.

இரண்டாவது மைக்ரோ ஏடிஎம். உள்ளங்கை அளவுள்ள கருவி, ப்ளூடூத் மூலம் உங்கள் கைப்பேசியோடு இணைந்திருக்கும். வாடிக்கையாளர் டெபிட் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்துகிறார். மீதி எல்லாம் முன்னதைப் போலவே.

மூன்றாவது, சாதாரண ஸ்வைப் மெஷினிலேயே ரொக்கம் தருவது. இது பலருக்குத் தெரியாத வசதி. ரிசர்வ் வங்கி 2009ஆம் ஆண்டிலேயே இதை அனுமதித்தது. வங்கிகளின் டெபிட் கார்டுக்கு ஒரு முறைக்கு 2,000 ரூபாய் வரை, மாதத்துக்கு மொத்தம் 10,000 ரூபாய் வரை தரலாம். ஆனால் உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கி அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால்தான் முடியும்.

இந்த மூன்றிலும் பொதுவானது ஒன்று. நீங்கள் கொடுப்பது உங்கள் சொந்தப் பணம். அது பிறகுதான் உங்கள் கணக்குக்குத் திரும்பி வருகிறது.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையமும் ரீசார்ஜ் கடையில் இருக்கும் ‘ஆதார் ஏடிஎம்’மும் ஒன்றா?

ஒன்றல்ல. வங்கிகள் தங்கள் சார்பில் முகவர்களை வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி 2006 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. அந்த வழியில் ஒரு குறிப்பிட்ட வங்கிக்காக வேலை செய்பவர் சேவை மையம் நடத்துகிறார். அவர் கணக்கு திறக்கலாம், டெபாசிட் வாங்கலாம், காப்பீட்டுத் திட்டங்களில் ஆள் சேர்க்கலாம். அவருக்கு ஊர் ஒதுக்கப்படும், தேர்வு உண்டு, காவல்துறை சரிபார்ப்பும் கேட்பார்கள்.

ரீசார்ஜ் கடையில் இருப்பது வேறு. ஒரு நிதித்தொழில்நுட்ப நிறுவனம் ஏதோ ஒரு வங்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தன் செயலியைக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கிறது. கடைக்காரருக்குப் பெயர் ‘ரீடெய்லர்’. அவருக்கு மேலே டிஸ்ட்ரிபியூட்டர், அவருக்கும் மேலே இன்னொருவர். வாடிக்கையாளர் கொடுக்கும் வேலை ஒன்றுதான். கமிஷன் மட்டும் மேலிருந்து கீழே வருவதற்குள் இரண்டு மூன்று கைகள் மாறுகிறது.

புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் உடனே கிடைக்கும். கீழே சொல்வது பெரும்பாலும் அதற்கானது.

மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

விளம்பரங்களில் வரும் தொகையை மறந்துவிட்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 30 பேர் வருகிறார்கள், ஆளுக்குச் சராசரியாக 2,000 ரூபாய் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 60,000 ரூபாய் ரொக்கம் கை மாறுகிறது. ஒருவருக்கு 5 ரூபாய் கமிஷன் நிற்கிறது என்றால் நாளுக்கு 150 ரூபாய். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 3,900 ரூபாய்.

இதிலிருந்து கழிக்க வேண்டியவை இருக்கின்றன. வாலட்டிலிருந்து வங்கிக்கு மாற்றும் கட்டணம், ரொக்கம் எடுத்து வர வண்டிக்குப் பெட்ரோல், இணையச் செலவு, கருவிக்கு மாத வாடகை இருந்தால் அது. அந்த 60,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் மாதம் 1,200 ரூபாய் வட்டிக்கே போய்விடும். மூன்று வட்டி என்றால் 1,800 ரூபாய். கிடைத்ததில் கிட்டத்தட்ட பாதி.

உங்கள் ஊரில் தலை எண்ணிக்கையும் கமிஷனும் வேறாக இருக்கும். அந்த எண்களைப் போட்டு நீங்களே இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதற்காக மட்டும் வாடகைக்குக் கடை எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே ஆள் வந்து போகும் கடை இருந்தால், இது அதற்கு நல்ல துணை. பணம் எடுக்க வந்தவர் அங்கேயே அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போவார். அந்த வியாபாரம் பல கடைகளில் கமிஷனைவிடப் பெரிய வருமானம்.

அப்படியானால் கையில் எவ்வளவு முதல் வேண்டும்?

ஒரு நாள் தேவையைப் போல இரண்டு மடங்கு. காரணம் இதுதான்: இன்று நீங்கள் கொடுத்த ரொக்கம் வாலட்டில் எண்ணாக நிற்கிறது. அதை வங்கிக் கணக்குக்கு மாற்றி, கிளைக்கோ ஏடிஎம்முக்கோ போய்த் தாளாக எடுத்து வந்தால்தான் நாளை கொடுக்க முடியும். சில நிறுவனங்கள் அடுத்த வேலை நாளில் கட்டணமின்றி மாற்றும். உடனே வேண்டுமென்றால் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிக்கும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை, அடுத்த நாள் ஞாயிறு. வெள்ளி மாலைக்குள் ரொக்கத்தைச் சேர்க்காதவர் அந்த இரண்டு நாளும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப நேரிடும். இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாம் முறை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

ரொக்கத்துக்கு வங்கியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் மொத்த வியாபாரியிடம் மாலையில் ரொக்கம் குவிந்திருக்கும். அவருக்கோ சரக்கு அனுப்பியவருக்கு வங்கி மூலம் பணம் செலுத்த வேண்டியிருக்கும். அவர் ரொக்கத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, அதே தொகையை அவர் கணக்குக்கு அனுப்பலாம். இருவருக்கும் வங்கி வாசலில் நிற்கும் வேலை மிச்சம். தெரிந்த, நிலையான வியாபாரி ஒருவரோடு மட்டும் இப்படிச் செய்யுங்கள். தேதியும் தொகையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நாட்களில் கூட்டம் அதிகம்?

தமிழ்நாட்டில் மாதத்தின் நடுவில். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது முதல், மாதம் 1,000 ரூபாய் 15ஆம் தேதியை ஒட்டிக் கணக்கில் ஏறுகிறது. அந்த இரண்டு மூன்று நாள் பெண்கள் கூட்டம் இருக்கும். முதியோர் ஓய்வூதியம் வரும் நாட்கள், ஊரக வேலைத் திட்டக் கூலி ஏறும் நாட்கள், விவசாயிகளுக்கு மத்திய அரசு நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தரும் 2,000 ரூபாய் வரும் சமயம், உள்ளூர்ச் சந்தை நாள் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். முதல் மாதம் எந்தத் தேதியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதிவந்தால், இரண்டாம் மாதத்திலிருந்து ரொக்கத்தை எப்போது சேர்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இந்தத் தொகைகளில் பெரும்பாலானவை சிறியவை. 1,000 ரூபாய் எடுக்க வருபவர் இரண்டு 500 ரூபாய்த் தாளை விரும்புவதில்லை. 100, 200 ரூபாய்த் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் கடைக்கு ஆள் தேடி வருவார்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? தேர்வு எழுத வேண்டுமா?

ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், கடை முகவரிக்கு ஆதாரம், புகைப்படம், உங்கள் பெயரில் உள்ள கைப்பேசி எண். சிறுதொழில் பதிவான உத்யம் சான்று கேட்டால் அதை அரசுத் தளத்தில் இலவசமாகவே பெறலாம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. வங்கியின் நேரடி முகவராகப் போக நினைத்தால் இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் நடத்தும் முகவர் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டியிருக்கும்.

2026 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பணம் கொடுக்கும் முகவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உங்களைச் சேர்க்கும் வங்கி, ஒரு வாடிக்கையாளரைச் சரிபார்ப்பதுபோல உங்களையும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் பரிவர்த்தனையே இல்லாமல் விட்டால், மறுபடி சரிபார்த்த பிறகுதான் இயக்க விடுவார்கள். நீங்கள் எந்த இடத்தில், எவ்வளவு தொகைக்கு வேலை செய்கிறீர்கள் என்பதையும் வங்கி கவனித்துக்கொண்டே இருக்கும். சிலர் இதைத் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் போலிப் பெயரில் ஐடி (செயலியில் நுழைய முகவருக்குத் தரும் அடையாளம்) வாங்கிக் கிராமத்து மக்களின் பணத்தைச் சுருட்டியதால்தான் இந்தக் கட்டுப்பாடு வந்தது. நேர்மையாகக் கடை நடத்துபவருக்கு இது பாதுகாப்பு.

எந்த நிறுவனத்திடம் ஐடி வாங்குவது?

பெயர் சொல்ல மாட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். உங்கள் பரிவர்த்தனைகள் எந்த வங்கி வழியாகப் போகின்றன? இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டு விலகுங்கள். 500, 1,000, 3,000, 10,000 ரூபாய்க்கு எனக்கு எவ்வளவு கமிஷன் என்பதை எழுத்தில் தருவாரா? வாலட்டிலிருந்து வங்கிக்குப் பணம் எப்போது, என்ன கட்டணத்தில் போகும்? கருவி விலைக்கா, வாடகைக்கா? மாதம் இத்தனை பரிவர்த்தனை செய்யாவிட்டால் அபராதம் உண்டா? பணம் சிக்கினால் யாரை அழைக்க வேண்டும், அவர் தமிழில் பேசுவாரா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு ஒரு பாட்டி 3,000 ரூபாய் கழிந்துவிட்டது என்று உங்கள் முன் நிற்கும்போது, தொலைபேசியை எடுக்கும் ஆள் இருப்பதுதான் எல்லாக் கமிஷனையும்விட மேலானது.

ஐடி உங்கள் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். ‘என் ஐடியில் ஓட்டிக்கொள்ளுங்கள், கமிஷனில் பாதி தாருங்கள்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் ஐடியையும் வேறு கடைக்குக் கொடுக்காதீர்கள். அங்கே நடக்கும் ஒவ்வொரு மோசடிக்கும் முதலில் வருவது உங்கள் வீட்டு முகவரிக்குத்தான்.

வங்கி சேவை மையம் தருவதாக இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். வங்கியின் சின்னத்தைப் போட்டு, பதிவுக் கட்டணம், பிறகு ஒப்பந்தக் கட்டணம், பிறகு லேப்டாப் கட்டணம் என்று தவணை தவணையாக வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பல்கள் இருக்கின்றன. தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடிதான். உங்கள் பகுதி வங்கிக் கிளைக்கு நேரில் போய், உங்கள் ஊருக்கு மையம் தேவையா, எந்த நிறுவனம் மூலம் நியமிக்கிறார்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

விரல் ரேகை பதியவே இல்லை என்றால்?

தினமும் சந்திக்கும் பிரச்சினை இது. நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், வயதானவர்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். வறண்ட தோலாக இருந்தால் சிறிது ஈரப்பதம் உதவும். கருவியின் கண்ணாடியை அடிக்கடி மெல்லிய துணியால் துடையுங்கள். ஒரே விரலைத் திரும்பத் திரும்ப வைக்காமல் பத்து விரல்களில் எது நன்றாகப் பதிகிறது என்று பாருங்கள். பெருவிரலை மட்டுமே நம்பி விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மோதிர விரல் வேலை செய்யும் பலரைப் பார்த்திருக்கிறேன். எந்த விரல் என்று உங்கள் நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதி வைத்தால் அடுத்த மாதம் அவருக்கும் சிரமமில்லை.

எதுவும் பதியவில்லை என்றால் ஆதார் சேவை மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்புங்கள். டெபிட் கார்டு இருந்தால் மைக்ரோ ஏடிஎம்மில் முயலலாம். தபால்காரர் மூலமும் இதே ஆதார் வசதி கிடைக்கிறது. நடக்க முடியாதவருக்கு அதைச் சொல்லிவிடுங்கள். போட்டி என்று நினைத்து மறைக்க வேண்டாம்.

வாங்கும் கருவி ‘எல்1’ தரத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கருவியை வாங்கினால் ஆதார் அமைப்பு அதை ஏற்காது.

“உரிமைத் தொகை வந்துவிட்டது என்கிறார்கள், என் கணக்கில் இல்லையே” என்று கேட்கும் பெண்களுக்கு என்ன சொல்வது?

பொறுமையாக உட்காரவைத்து விளக்க வேண்டிய விஷயம். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசு உதவித்தொகை, கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. அந்த ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. சுய உதவிக் குழுவுக்காக ஒரு கணக்கு, பிள்ளையின் உதவித்தொகைக்காக ஒன்று, எப்போதோ முகாமில் திறந்த ஒன்று என்று மூன்று கணக்கு வைத்திருப்பவருக்கு, பணம் எதில் விழுந்தது என்று தெரியாது. வழக்கமான வங்கியில் இருப்பைப் பார்த்துவிட்டு, பணம் வரவில்லை என்று அழுதுகொண்டு திரும்பியவர்கள் உண்டு.

மைஆதார் தளத்தில் அவருடைய எண்ணைப் போட்டு, அவர் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். அந்த வங்கியைத் தேர்ந்தெடுத்து இருப்பு பாருங்கள். பெரும்பாலும் பணம் அங்கே இருக்கும். சில நேரம் இரண்டு மூன்று மாதத் தொகை சேர்ந்தே இருக்கும். அந்த முகம் மலர்வதைப் பார்க்கக் கிடைப்பது இந்தத் தொழிலின் பெரிய மகிழ்ச்சி. வேலை முடிந்ததும் எந்த வங்கி என்பதை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

கணக்கில் கழிந்துவிட்டது, எனக்கு வாலட்டில் வரவில்லை. பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கக் கூடாது. செயலியில் ‘வெற்றி’ என்று வந்து வாலட்டில் தொகை ஏறினால் மட்டுமே ரொக்கம். நிலுவை என்றோ தோல்வி என்றோ காட்டினால், அதையும் அச்சிட்டோ குறுஞ்செய்தியாகவோ வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிச் சிக்கிய பணம் தானாகவே திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி இதைத் தர வேண்டும். உங்கள் வாடிக்கையாளருக்கு இந்த விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் கொடுத்து, எந்தக் கிளையில் புகார் தர வேண்டும் என்றும் சொல்லுங்கள். பதற்றத்தில் உடனே மறுபடி முயன்றால் இரண்டாவது முறையும் கழிந்து சிக்கல் இரட்டிப்பாகும். முதலில் இருப்பைப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்கலாமா? ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் எல்லோரும் வாங்குகிறார்களே?

வாங்கக் கூடாது. முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வசூலிக்க ரிசர்வ் வங்கியின் விதியில் இடமில்லை. கட்டணம் உண்டென்றால் அதை வங்கிதான் பிடிக்கும். முகவருக்கு வங்கி கமிஷன் தருகிறது. ஸ்வைப் மெஷினில் ரொக்கம் தரும் வசதிக்கு மட்டும் ஒரு விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டணம் இருக்கலாம் என்று தனியே சொல்லப்பட்டிருக்கிறது.

1,200 ரூபாய் ஓய்வூதியம் வாங்கும் ஒரு முதியவரிடம் 20 ரூபாய் பிடிப்பது விதிமீறல் என்பதோடு, அவர் ஒரு வேளை காய்கறிக்கு வைத்திருந்த பணத்தைப் பிடுங்குவதும்கூட. கமிஷன் போதவில்லை என்பது உண்மைதான். அதற்கு நிறுவனத்தோடுதான் பேச வேண்டும். எண்ணிக்கை கூடிய பிறகு கேட்டால் பலருக்குக் கமிஷன் உயர்ந்திருக்கிறது.

கிரெடிட் கார்டைத் தேய்த்து ரொக்கம் கேட்கிறார்கள். இரண்டு மூன்று விழுக்காடு தருகிறேன் என்கிறார்கள்.

இதுதான் பல கடைகளை மூடவைத்த ஆசை. பொருள் எதுவும் விற்காமல் விற்றதாகக் காட்டிக் கார்டைத் தேய்ப்பது, மெஷின் கொடுத்த வங்கியோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்துக்கு எதிரானது. பில் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. கார்டு திருடப்பட்டதாக இருந்து, உரிமையாளர் புகார் செய்தால் முழுத் தொகையும் உங்கள் கணக்கிலிருந்து திரும்பப் போகும். ரொக்கம் வாங்கிப் போனவரை எங்கே தேடுவீர்கள்?

யுபிஐயில் பணம் அனுப்புகிறேன், ரொக்கம் தாருங்கள் என்றால்?

தெரியாதவருக்குத் தராதீர்கள். முன்பெல்லாம் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவதுதான் பயம். இப்போது உண்மையாகவே பணம் வந்து விழுவதில்தான் பெரிய ஆபத்து. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் இரண்டு மூன்று கணக்கு தாண்டி உங்கள் கணக்குக்கு வருகிறது. நீங்கள் ரொக்கம் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். பணத்தை இழந்தவர் புகார் செய்ததும், அந்தப் பணம் போன வழியெல்லாம் சைபர் குற்றப் பிரிவு நிறுத்திவைக்கச் சொல்கிறது. சில நேரம் அந்தத் தொகை மட்டும், சில நேரம் கணக்கு முழுவதும் முடங்குகிறது. புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் விடுவிக்க அலைய வேண்டும். உங்கள் சுழற்சிப் பணம் முழுவதும் அந்த ஒரே கணக்கில் இருந்தால் கடை அன்றோடு நின்றுவிடும்.

ஆகவே இந்தத் தொழிலுக்குத் தனி நடப்புக் கணக்கு, வீட்டுச் செலவுக்குத் தனிக் கணக்கு, கடையில் பொருள் விற்கும் க்யூஆர் குறியீட்டுக்கு மற்றொன்று என்று பிரித்து வையுங்கள்.

கடையில் பொருளுக்குக் கார்டு வாங்கினால் எவ்வளவு பிடிப்பார்கள்?

ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் இல்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகரிடம் மெஷினில் அதிகபட்சம் 0.40 விழுக்காடு. அதற்கு மேல் விற்பவருக்கு 0.90 விழுக்காடு வரை. கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு இல்லை, வங்கி சொல்வதுதான் விகிதம். டெபிட் கார்டுக்கான கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் ஏற்றக் கூடாது.

ரகசிய எண்ணை நானே போட்டுவிடச் சொல்கிறார்கள். மறுத்தால் கோபப்படுகிறார்கள்.

கோபப்பட்டாலும் மறுக்க வேண்டும். கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எண் படிக்கத் தெரியாதவருக்கு, விசைகளின் இடத்தைக் கற்றுக்கொடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் அவரே அழுத்துவார். மாமியார் கார்டோடு மருமகளும், பக்கத்து வீட்டுக்காரரின் கார்டோடு சிறுவனும் வந்தால் உரியவரை அழைத்து வரச் சொல்லுங்கள்.

ஆதாரில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு விரல் ரேகைக்கு ஒரு பரிவர்த்தனைதான். ‘பதியவில்லை, மறுபடி வையுங்கள்’ என்று சொல்லி இரண்டாவது முறை பணம் எடுத்துக்கொள்ளும் முகவர்கள் இருக்கிறார்கள். அதனால் எல்லார் மீதும் சந்தேகம் விழுகிறது. திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு விரல் வைக்கச் சொல்லுங்கள். மீதி இருப்பையும் படித்துக் காட்டுங்கள். ரசீதைக் கேட்காமலே கொடுங்கள். ஆதார் நகலை வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். நோட்டில் கடைசி நான்கு எண்கள் போதும்.

ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருப்பதையும் விவரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லலாம். பூட்டினால் உங்கள் கடையிலும் எடுக்க முடியாது, தேவைப்படும்போது திறந்துகொள்ள வேண்டும். உங்களுக்குக் கமிஷன் குறையுமே என்று இதை மறைக்காதீர்கள்.

கணக்கு எப்படி எழுதுவது?

ஒரே நோட்டு, தினம் ஒரு பக்கம். காலையில் கல்லா ரொக்கம், வாலட் இருப்பு, வங்கி இருப்பு மூன்றையும் எழுதிக் கூட்டுங்கள். இரவில் மறுபடி மூன்றையும் எழுதிக் கூட்டுங்கள். காலைத் தொகையோடு அன்றைய கமிஷனைச் சேர்த்து, கட்டணங்களைக் கழித்தால் இரவுத் தொகை வர வேண்டும். காலையில் ரொக்கம் 70,000, வாலட் 5,000, வங்கி 25,000 என்றால் கூட்டு 1,00,000. அன்று 60,000 கொடுத்து 150 ரூபாய் கமிஷன் வந்து, மாற்றுக் கட்டணம் எதுவும் இல்லையென்றால், இரவில் ரொக்கம் 10,000, வாலட் 65,150, வங்கி 25,000. கூட்டு 1,00,150. இதில் 500 ரூபாய் குறைந்தால் யாருக்கோ ஒரு தாள் கூடுதலாகப் போயிருக்கிறது. அன்றே தேடினால் யாரென்று நினைவு வரும். மளிகைக் கல்லாவும் இந்தக் கல்லாவும் ஒன்றாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, இரண்டு பெட்டி வையுங்கள்.

டெபாசிட்டும் வாங்குகிறீர்கள் என்றால் கள்ள நோட்டுச் சோதனை அவசியம். வங்கியில் கட்டும்போது பிடிபட்டால் தாளும் போகும், பணமும் போகும். ஒரே தடவையில் ஐந்து தாளோ அதற்கு மேலோ சிக்கினால் வங்கி காவல்துறையில் வழக்குப் பதியச் சொல்ல வேண்டும் என்பது விதி.

ஜிஎஸ்டி, வருமான வரி?

வரி உங்கள் கமிஷனுக்குத்தான், கை மாறும் பணத்துக்கு அல்ல. சேவை வழங்குபவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். கமிஷன் மட்டும் அந்த அளவை எட்டுவது அரிது. ஆனால் கடை வியாபாரமும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கமிஷன் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 2 விழுக்காடு வரி பிடித்துக்கொள்ளும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பலர் சில நூறு ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறார்கள்.

தாக்கல் செய்ய இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. மேலே சொன்ன கடையில் நாளுக்கு 60,000 வீதம் ஆண்டுக்கு 1 கோடியே 87 லட்சம் ரூபாய் ரொக்கம் வங்கியிலிருந்து எடுக்கப்படுகிறது. நடப்புக் கணக்கில் ஆண்டுக்கு 50 லட்சத்தைத் தொட்டாலே வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். ஒரு கோடியைத் தாண்டினால் எடுக்கும் ரொக்கத்துக்கே வரி பிடிப்பார்கள். வங்கி முகவர்களுக்கு இந்தப் பிடித்தத்திலிருந்து விலக்கு உண்டு. கிளை அதைத் தானாகத் தராது. முகவர் என்று காட்டும் நியமனக் கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி, ஆண்டுத் தொடக்கத்திலேயே கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாமா?

தாராளமாக. வாலட்டில் உள்ளதை முழுவதும் வங்கிக்கு மாற்றுங்கள். நிலுவையில் உள்ள பரிவர்த்தனைகள் தீர்ந்ததா என்று பாருங்கள். ஐடியை மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, மூடியதற்குப் பதில் வாங்குங்கள். பயன்படுத்தாத ஐடியை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். வாடகைக் கருவியென்றால் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுங்கள். பழைய நோட்டுகளைச் சில ஆண்டுகளாவது பத்திரமாக வையுங்கள். ஒரு வாடிக்கையாளரின் வங்கியோ காவல் நிலையமோ பழைய பரிவர்த்தனை ஒன்றைப் பற்றிக் கேட்டால், அந்த நோட்டில் இருக்கும் வரிதான் உங்களுக்குச் சாட்சி.